தொற்றுநோய்களைக் கணக்கிடுதல்: பெர்னூலி முதல் கோவிட் வரை ஒரு வரலாறு

ஒரு தொற்றுநோய் மக்களிடையே எவ்வாறு தொடங்குகிறது, எவ்வளவு விரைவாகப் பெருகுகிறது, எப்போது தணிகிறது என்பவற்றைச் சமன்பாடுகள் வழியாக ஆராயும் துறை தொற்றுநோய்க் கணித மாதிரியாக்கம் எனப்படுகிறது. மருத்துவம், கணிதம், மக்கள்தொகையியல், பூச்சியியல் ஆகிய நான்கும் சந்திக்கும் துறை இது. கோவிட்-19 பரவிய காலத்தில் செய்தித்தாள்களில் இடம்பெற்ற 'பரவல் எண்', 'வளைகோட்டைத் தட்டையாக்குதல்', 'சமூக நோய் எதிர்ப்பாற்றல்' போன்ற சொற்கள் யாவும் இத்துறையிலிருந்து வந்தவை.

இத்துறையின் வரலாற்றில் நடுநாயகமாக விளங்குவது வரம்பு என்னும் கருத்து ஆகும். ஒரு நோயை ஒழிக்க எல்லாக் கொசுக்களையும் கொல்லவோ எல்லா மனிதர்களுக்கும் தடுப்பூசி போடவோ தேவையில்லை. பரவலை ஒரு குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே கொண்டுவந்தால் நோய் தானாகவே தேய்ந்து மறையும். இக்கருத்து இந்தியாவோடு நெருங்கிய தொடர்புள்ள இரு மருத்துவர்களால் உருவானது. ஆனால் அந்த வரம்பு எந்த நிபந்தனைகளின் கீழ் கணக்கிடப்பட்டது என்பதை மறந்தபோதெல்லாம் பெரும் இழப்புகள் நேர்ந்துள்ளன. இந்த இரண்டையும் இக்கட்டுரை விவரிக்கிறது.

பெரியம்மையும் பெர்னூலியும்

தொற்றுநோய் பற்றிய முதல் கணித மாதிரியை உருவாக்கியவர் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் டேனியல் பெர்னூலி. திரவங்களின் ஓட்டம் குறித்த விதிக்காக இன்றைய மாணவர்கள் அறிந்துள்ள இவர் மருத்துவமும் பயின்றவர். 1760-ஆம் ஆண்டு பாரிஸ் அறிவியல் கழகத்தில் பெரியம்மை பற்றிய தம் ஆய்வை அவர் முன்வைத்தார். அது 1766-இல் அச்சில் வெளிவந்தது.

அக்காலத்தில் ஐரோப்பாவில் ஒரு விவாதம் நடந்துகொண்டிருந்தது. அம்மைக் கொப்புளத்தின் நீரை நலமாக உள்ள ஒருவரின் தோலைக் கீறி உட்செலுத்தினால் அவருக்கு இலேசான அம்மை கண்டு, பிறகு வாழ்நாள் முழுவதும் அந்நோய் வராது. ஆனால் அவ்வாறு செய்துகொண்டவர்களில் சிலர் அதனாலேயே இறந்தனர். இந்த ஆபத்தை ஏற்பது தகுமா என்பதே கேள்வி.

பெர்னூலி இதைக் கணக்காக்கினார். இதுவரை பெரியம்மை வராதவர்களில் ஆண்டுதோறும் எட்டில் ஒருவருக்கு அது வருகிறது, வந்தவர்களில் எட்டில் ஒருவர் இறக்கிறார் என்று அவர் கொண்டார். பிரெஸ்லாவ் நகரின் இறப்புகளைக் கொண்டு எட்மண்ட் ஹாலி தயாரித்திருந்த வாழ்நாள் அட்டவணையை அடிப்படையாக எடுத்துக்கொண்டார். பெரியம்மை அறவே இல்லையெனில் மக்களின் சராசரி ஆயுள் 26 ஆண்டு 7 மாதத்திலிருந்து 29 ஆண்டு 9 மாதமாக உயரும் என்பது அவர் கண்ட விடை.

பிரெஞ்சுக் கணித அறிஞர் டாலம்பேர் இதை அதே ஆண்டில் மறுத்துரைத்தார். ஆயுள் கூடுவது எங்கோ முதுமையில் கிடைக்கும் பயன்; அம்மை குத்திக்கொள்வதன் ஆபத்தோ அடுத்த சில வாரங்களில் வருவது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க முடியாது என்பது அவர் வாதம். நாட்டுக்கு நன்மையான கணக்கு தனி மனிதருக்கும் அப்படியே பொருந்துமா என்னும் இக்கேள்வி, தடுப்பூசி பற்றிய இன்றைய விவாதங்களிலும் எழுகிறது.

காரணம் இல்லாத வளைகோடு

19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பதிவாளர் நாயகம் அலுவலகத்தில் பணியாற்றிய வில்லியம் ஃபார், பெரியம்மை இறப்புகளின் எண்ணிக்கை ஏறி இறங்குவதில் ஓர் ஒழுங்கு இருப்பதை 1840-இல் காட்டினார். தொடக்கத்தில் விரைந்து ஏறும் எண்ணிக்கை, படிப்படியாக வேகம் குறைந்து, உச்சத்தை அடைந்து, பிறகு இறங்குகிறது. 1866-இல் இங்கிலாந்தின் மாடுகளிடையே கொள்ளைநோய் பரவி நாடே அஞ்சியிருந்தபோது, நோய் விரைவில் உச்சத்தை அடைந்து தணியும் என்று ஃபார் எழுதினார். நோயும் அவ்வாறே தணிந்தது.

ஆனால் எண்ணிக்கை ஏன் அவ்வாறு ஏறி இறங்குகிறது என்பதற்கு அவர் கணக்கில் விடை இல்லை. கையிலிருக்கும் புள்ளிகளுக்குப் பொருந்தும் வளைகோட்டை வரைந்து அதை நீட்டுவதே அம்முறை. 1906-இல் லண்டன் நகரின் தட்டம்மைப் பரவலை ஆராய்ந்த வில்லியம் ஹேமர் காரணத்தை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார். புதிதாக நோய் தொற்றுவோரின் எண்ணிக்கை, அப்போதுள்ள நோயாளிகளின் எண்ணிக்கையையும் இன்னும் நோய் வராதவர்களின் எண்ணிக்கையையும் பெருக்கிவரும் அளவைப் பொறுத்தது என்று அவர் கொண்டார். நோயாளி நிறைய இருந்தும் தொற்றக்கூடியவர் இல்லையென்றால் நோய் பரவாது. தொற்றக்கூடியவர் நிறைய இருந்தும் நோயாளி இல்லையென்றாலும் பரவாது. பிற்கால மாதிரிகள் எல்லாவற்றுக்கும் இந்தப் பெருக்கலே அடித்தளமாயிற்று.

ரொனால்டு ரோஸ்: எத்தனை கொசு இருந்தால் மலேரியா?

ரொனால்டு ரோஸ் 1857-இல் இமயமலைப் பகுதியிலுள்ள அல்மோராவில் பிறந்தவர். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து மதராஸ் மாகாணத்திலும் பிற இடங்களிலும் பணியாற்றினார். 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில், மலேரியா நோயாளியைக் கடித்த அனாபிலஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணி வளர்வதைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவை மலேரியாவை ஆராய்ந்து, கொசுவின் வழியே நோய் பரவும் சுற்று முழுவதையும் நிறுவினார். இதற்காக 1902-இல் நோபல் பரிசு பெற்றார்.

கொசுவை ஒழித்தால் மலேரியா ஒழியும் என்று ரோஸ் வாதிட்டார். ஆனால் லாகூருக்கு அருகிலிருந்த மியான்மீர் படைக்குடியிருப்பில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நடந்த கொசு ஒழிப்புச் சோதனை வெற்றிபெறவில்லை. கால்வாய்களை மூடியும் குட்டைகளைத் தூர்த்தும் பார்த்த பின்பும் அங்கே மலேரியா நீடித்தது. எத்தனை குட்டைகளை அழித்தாலும் வேறெங்கிருந்தோ கொசு வந்துவிடும், எல்லாக் கொசுக்களையும் கொல்வது நடவாத காரியம், ஆகவே முயற்சியே வீண் என்று பலர் கருதினர்.

இதற்கு ரோஸ் அளித்த விடை கணித வடிவில் இருந்தது. 1907-இல் அவர் மொரீசியசுக்கு அனுப்பப்பட்டார். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து சென்றவர்கள், தமிழர் உட்பட, பெருமளவில் வாழ்ந்த தீவு அது. 1860-களில் அங்கே மலேரியா பரவி, 1867-ஆம் ஆண்டில் மட்டும் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டிருந்தனர். அத்தீவு பற்றி 1908-இல் ரோஸ் அளித்த அறிக்கையில் முதல் மலேரியா மாதிரி இடம்பெற்றது. 'மலேரியாத் தடுப்பு' என்னும் அவருடைய நூலின் 1911-ஆம் ஆண்டுப் பதிப்பில் அது விரிவாக்கப்பட்டது.

அவருடைய சிந்தனைப் போக்கு எளியது. கொசுக்களில் நான்கில் ஒன்றுக்கே மனிதரைக் கடிக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது. கடித்தவற்றில் மூன்றில் ஒன்றே ஒட்டுண்ணி முதிர்ச்சியடையும் வரை உயிரோடிருக்கும். அவற்றிலும் நான்கில் ஒன்றே மறுபடி மனிதரைக் கடிக்கும். இந்த மூன்றையும் பெருக்கினால் 48 கொசுக்களில் ஒன்றுதான் நோயைக் கடத்தும் நிலையை எட்டும். அதுவும் முதலில் கடித்தது தொற்றும் நிலையிலுள்ள நோயாளியாக இருந்தால்தான் பயன்படும். மறுபுறம், மாதந்தோறும் நோயாளிகளில் ஒரு பகுதியினர் குணமடைந்துகொண்டே இருக்கின்றனர். புதிய நோயாளிகள் சேர்வதைவிடப் பழைய நோயாளிகள் குணமாவது விரைவாக இருந்தால் நோய் நிலைக்க முடியாது.

ரோஸ் எடுத்துக்கொண்ட தோராய மதிப்புகளின்படி, ஒரு மனிதருக்கு ஏறத்தாழ 40 அனாபிலஸ் கொசுக்கள் என்பது எல்லை. அதற்குக் கீழே எண்ணிக்கை இறங்கினால், கொசுக்கள் மிச்சமிருந்தாலும் மலேரியா மறைந்துவிடும். அனாபிலஸ் கொசுக்கள் இருந்தும் மலேரியா இல்லாத ஊர்கள் ஏன் உள்ளன என்ற பழைய புதிருக்கும் இதனால் விளக்கம் கிடைத்தது.

40 என்ற எண் எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று ரோஸ் கருதவில்லை. அத்தகைய எல்லை ஒன்று உண்டு என்பதே அவர் நிறுவிய உண்மை. பின்னர் 1916, 1917 ஆண்டுகளில் இக்கோட்பாட்டை எல்லாத் தொற்றுகளுக்கும் பொதுவாக அவர் விரித்தார். அதில் ஹில்டா ஹட்சன் என்னும் பெண் கணித அறிஞர் அவருடன் இணைந்து பணியாற்றினார்.

மெக்கென்ட்ரிக்கும் ஒரு சிற்றூர்க் கிணறும்

ஆண்டர்சன் கிரே மெக்கென்ட்ரிக் எடின்பரோவில் 1876-இல் பிறந்த மருத்துவர். 1901-இல் மலேரியாப் பணிக்காக ரோசுடன் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குச் சென்றார். அப்பயணத்தில் ஏற்பட்ட பழக்கம் அவரைக் கணிதத்தின் பக்கம் திருப்பியது. பிறகு இந்திய மருத்துவப் பணியில் பல ஆண்டுகள் இருந்த அவர், வெறிநாய்க்கடிக்குச் சிகிச்சை அளித்த கசௌலி பாஸ்டர் நிறுவனத்தின் இயக்குநரானார். எம். கேசவ பை என்னும் இந்திய மருத்துவருடன் சேர்ந்து, நுண்ணுயிர்கள் பெருகும் வேகம் பற்றி 1911-இல் ஓர் ஆய்வை எழுதினார். உணவு தீரத் தீரப் பெருக்கம் மட்டுப்படும் என்பதைச் சமன்பாடாக்கிய ஆய்வு அது. உடல்நலக் குறைவால் 1920-இல் தாயகம் திரும்பி, எடின்பரோவில் அரச மருத்துவர் கல்லூரியின் ஆய்வகப் பொறுப்பை ஏற்றார்.

மருத்துவச் சிக்கல்களில் கணிதத்தைப் பயன்படுத்துவது பற்றி 1926-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இந்தியச் சிற்றூர் ஒன்றின் காலராக் கணக்கு உள்ளது. அவ்வூரில் 223 வீடுகள். 168 வீடுகளில் எவருக்கும் நோய் இல்லை. 32 வீடுகளில் ஒருவருக்கும், 16 வீடுகளில் இருவருக்கும், 6 வீடுகளில் மூவருக்கும், ஒரு வீட்டில் நால்வருக்கும் காலரா கண்டிருந்தது. மொத்தம் 86 நோயாளிகள்.

223 வீடுகளும் ஒரே அளவு ஆபத்தில் இருந்திருந்தால், நிகழ்தகவு விதிப்படி ஒரே ஒரு நோயாளி உள்ள வீடுகள் 58 அளவில் இருக்க வேண்டும், இருந்தவை 32. மூன்று நோயாளிகள் உள்ள வீடு ஒன்றோ இரண்டோதான் இருக்க வேண்டும், இருந்தவை 6. எனவே நோய் ஊர் முழுவதும் சமமாகப் பரவியிருக்கவில்லை. நோய் கண்ட வீடுகளின் எண்ணிக்கைகளை மட்டும் வைத்து மெக்கென்ட்ரிக் பின்னோக்கிக் கணக்கிட்டார். ஏறத்தாழ 93 வீடுகளே ஆபத்துக்கு உள்ளாகியிருக்க வேண்டும் என்று விடை வந்தது. அவற்றில் 37 அளவிலான வீடுகள் ஆபத்தில் இருந்தும் தப்பியவை. மற்ற 130 வீடுகளுக்கு நோய் எட்டவே இல்லை.

காலரா தண்ணீரால் பரவுவது. ஆகவே அந்த 93 வீடுகளும் ஒரே கிணற்றில் நீர் எடுத்திருக்கலாம் என்று அவர் ஊகித்தார். பிறகு ஊரில் விசாரித்தபோது, மக்களில் ஒரு பிரிவினர் மட்டும் நீர் எடுத்த கிணறு ஒன்று மாசுபட்டிருந்தது தெரியவந்தது. விடுபட்ட தகவல்களை இவ்வாறு மதிப்பிடும் முறை பல பத்தாண்டுகளுக்குப் பின் புள்ளியியலில் முதன்மை இடம் பெற்றது.

கெர்மாக்–மெக்கென்ட்ரிக் மாதிரி, 1927

எடின்பரோ ஆய்வகத்தில் மெக்கென்ட்ரிக்குடன் பணியாற்றியவர் வில்லியம் ஆகில்வி கெர்மாக் என்னும் வேதியியலாளர். 1924-இல் ஆய்வகத்தில் நேர்ந்த விபத்தில் காரத்திரவம் தெறித்து அவர் இரு கண்களின் பார்வையையும் இழந்தார். அப்போது அவருக்கு வயது 26. அதன் பிறகு பிறர் படித்துச் சொல்லக் கேட்டு, சமன்பாடுகளை மனத்திலேயே வைத்து அவர் ஆய்வைத் தொடர்ந்தார்.

இருவரும் எழுதிய ஆய்வுக்கட்டுரை 1927-இல் லண்டன் ராயல் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. ஒரு கொள்ளைநோய் எதனால் முடிவுக்கு வருகிறது என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. தொற்றக்கூடியவர்கள் எல்லோரும் தீர்ந்துபோவதால் முடிகிறது என்றும், கிருமி தன் வீரியத்தை இழப்பதால் முடிகிறது என்றும் அதுவரை இரு கருத்துகள் இருந்தன. இரண்டுமே தேவையில்லை என்று அவர்கள் காட்டினர்.

அவர்களுடைய மாதிரியின் எளிய வடிவம் மக்களை மூன்று பிரிவாக்குகிறது. நோய் தொற்றக்கூடியவர்கள் முதல் பிரிவு. நோயைப் பரப்பும் நிலையிலுள்ள நோயாளிகள் இரண்டாம் பிரிவு. குணமாகி எதிர்ப்பாற்றல் பெற்றவர்களும் இறந்தவர்களும் மூன்றாம் பிரிவு. முதல் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கும், அங்கிருந்து மூன்றாம் பிரிவுக்கும் மக்கள் நகரும் வேகத்தைச் சமன்பாடுகள் குறிக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளங்கிக்கொள்ளலாம். 1,000 பேர் உள்ள ஊரில் ஒரு புதிய நோய் நுழைகிறது. தொடக்கத்தில் ஒரு நோயாளி சராசரியாக இருவருக்குத் தொற்றுகிறார் என்போம். 500 பேருக்கு நோய் வந்துபோன பிறகு, ஒரு நோயாளி சந்திப்பவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் பெற்றவர்கள். எனவே இப்போது அவரால் ஒருவருக்கு மட்டுமே தொற்ற முடியும். அதற்கு மேல் தொற்றக்கூடியவர் குறையக் குறைய, நோயாளிகளின் எண்ணிக்கை இறங்கத் தொடங்கும். உச்சத்தின்போது நோயாளிகள் பலர் இருப்பதால் இறங்குமுகத்திலும் இன்னும் பலருக்குத் தொற்றும். கணக்குப்படி முடிவில் ஏறத்தாழ 800 பேருக்கு நோய் வந்திருக்கும். 200 பேர் தப்பியிருப்பார்கள். கிருமி சிறிதும் வலுவிழக்கவில்லை; ஆனாலும் கொள்ளைநோய் முடிந்துவிட்டது.

ரோஸ் கொசுவுக்குக் கண்ட வரம்பு இங்கே மனிதக் கூட்டத்துக்கு உரியதாயிற்று. தொற்றக்கூடியவர்களின் அடர்த்தி ஒரு வரம்புக்கு மேல் இருந்தால் சிறு பொறியும் பெருந்தீயாகும். வரம்புக்குக் கீழே இருந்தால் நோய் நுழைந்தாலும் அணைந்துவிடும்.

பம்பாய் பிளேக்: பொருந்திய கோடு, பொருந்தாத காரணம்

தங்கள் மாதிரியைச் சோதிக்க இருவரும் பம்பாய் நகரின் பிளேக் இறப்புக் கணக்கை எடுத்துக்கொண்டனர். 1896-இல் அந்நகரில் தொடங்கிய பிளேக் பல ஆண்டுகள் தொடர்ந்து தாக்கியது. 1905 டிசம்பர் 17 முதல் 1906 ஜூலை 21 வரையான வார இறப்புகள் அவர்களின் கட்டுரையில் படமாக இடம்பெற்றுள்ளன. வாரத்துக்குப் பத்து அளவில் இருந்த இறப்பு, உச்ச வாரத்தில் 900-ஐக் கடந்து, மீண்டும் சில பத்துகளாகக் குறைந்தது. மாதிரி தந்த வளைகோடு அந்தப் புள்ளிகளின்மேல் வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்தியது. உலகெங்கும் பாடநூல்கள் அப்படத்தை எடுத்தாண்டன.

ஆனால் பம்பாய் பிளேக் மனிதரிடமிருந்து மனிதருக்கு நேரே பரவியது அன்று. எலிகளிடையே பரவிய நோய் தெள்ளுப்பூச்சிகள் வழியே மனிதருக்கு வந்தது. எலிகளின் எண்ணிக்கையும் தெள்ளுப்பூச்சிகளின் பெருக்கமும் பருவநிலைக்கேற்ப மாறுபவை. மனிதரிடையே காணும் பிளேக் எலிகளின் பிளேக்கினுடைய நிழலே என்பதையும், தங்கள் எளிய மாதிரியின் நிபந்தனைகள் இங்கே முழுமையாக நிறைவேறவில்லை என்பதையும் கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் தாங்களே குறிப்பிட்டிருந்தனர். படத்தை எடுத்தாண்டவர்களில் பலர் அந்தக் குறிப்பை விட்டுவிட்டனர்.

அந்த ஏழு மாதங்களில் பிளேக்கால் இறந்தோர் ஏறத்தாழ 9,000 பேர். நகரின் மக்கள்தொகையோ பத்து இலட்சத்தை நெருங்கியிருந்தது. நோய் தணிந்ததற்கு மக்களின் எதிர்ப்பாற்றலைக் காரணமாகச் சொல்ல இந்த அளவு போதாது. மேலும், அடுத்தடுத்த ஆண்டுகளிலும் ஏறக்குறைய அதே பருவத்தில் பிளேக் எழுந்து அடங்கியது. ஆகவே பருவநிலையின் பங்கைச் சேர்க்காமல் அந்த வளைகோட்டை விளக்க முடியாது என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டினர். ஒரு மாதிரி புள்ளிவிவரத்தோடு பொருந்துவதாலேயே அது கூறும் காரணம் உண்மையாகிவிடாது என்பதற்கு இத்துறையின் புகழ்பெற்ற படமே சான்றாக அமைந்தது.

மெக்டொனால்டும் டிடிடியும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜார்ஜ் மெக்டொனால்டு, ரோஸின் மாதிரியை மீண்டும் கையிலெடுத்தார். ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக எத்தனை புதிய நோயாளிகள் உருவாகின்றனர் என்னும் எண்ணை 1952-இல் மலேரியாக் கோட்பாட்டின் மையத்தில் அவர் வைத்தார். இன்று அடிப்படைப் பரவல் எண் என்று வழங்குவது அதுவே. அந்த எண் ஒன்றுக்கு மேல் இருந்தால் நோய் பெருகும். ஒன்றுக்குக் கீழே இருந்தால் தேயும்.

கொசுக்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் அவற்றின் ஆயுள் முக்கியமானது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஒட்டுண்ணி கொசுவுக்குள் முதிர்வதற்கு ஏறத்தாழ பத்து நாள் தேவை. ஒரு நாளில் நூற்றுக்கு 90 கொசுக்கள் பிழைக்குமானால், பத்து நாளுக்குப் பின் 35 எஞ்சும். நாளொன்றுக்கு 80 பிழைத்தால் பத்து நாளில் 11 அளவே எஞ்சும். 70 பிழைத்தால் மூன்றுகூட எஞ்சாது. முட்டைகளையும் புழுக்களையும் தேடி அழிப்பதைவிட, வீட்டுச் சுவரில் வந்து அமரும் முதிர்ந்த கொசுவைக் கொல்லும் டிடிடி மருந்து ஏன் அவ்வளவு பயன் தந்தது என்பதை இக்கணக்கு விளக்கியது.

உலக சுகாதார நிறுவனம் 1955-இல் தொடங்கிய உலகளாவிய மலேரியா ஒழிப்புத் திட்டத்துக்கு இக்கோட்பாடு துணை நின்றது. இந்தியாவில் 1947-இல் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. 1953-இல் கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958-இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. 1960-களின் நடுவில் பதிவான நோயாளிகள் ஆண்டுக்கு ஓர் இலட்சம் என்ற அளவுக்கு இறங்கினர்.

அதன்பின் நிலைமை தலைகீழாயிற்று. 1976-இல் 64 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மலேரியா கண்டது. கொசுக்கள் டிடிடியைத் தாங்கும் ஆற்றல் பெற்றிருந்தன. மருந்து தெளிப்பிலும் கண்காணிப்பிலும் தளர்வு ஏற்பட்டிருந்தது. சென்னை போன்ற நகரங்களில் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் வளரும் அனாபிலஸ் ஸ்டீபன்சி கொசுவும் நோயைப் பரப்பியது. பரவல் எண்ணை ஒன்றுக்குக் கீழே கொண்டுவந்ததும் பணி முடிவதில்லை; கடைசி நோயாளி குணமாகும்வரை அதை அங்கேயே வைத்திருக்க வேண்டும். கொசுவின் இறப்பு வீதம் மாறாது என்று சமன்பாடு கொண்டிருந்தது. கொசு மாறிக்கொண்டிருந்தது.

சராசரியை நம்பாத பெரியம்மை ஒழிப்பு

பரவல் எண் தெரிந்தால், எத்தனை பேருக்குத் தடுப்பூசி போட்டால் போதும் என்பதையும் கணக்கிடலாம். ஒருவர் இருவருக்குப் பரப்பும் நோய்க்குப் பாதிப்பேர் எதிர்ப்பாற்றல் பெற்றால் போதும். ஒருவர் ஐவருக்குப் பரப்பும் நோய்க்கு நூற்றுக்கு 80 பேர் தேவை. தட்டம்மையில் ஒருவர் 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார் என்பது வழக்கமான மதிப்பீடு. அதனால்தான் தட்டம்மைத் தடுப்பூசி நூற்றுக்கு 92 முதல் 95 பேரை எட்ட வேண்டும் என்று வலியுறுத்தப்படுகிறது. ராய் ஆண்டர்சன், ராபர்ட் மே ஆகியோர் 1979 முதல் எழுதிய ஆய்வுகளும் 1991-இல் வெளியிட்ட நூலும் இத்தகைய கணக்குகளைப் பொதுச் சுகாதாரத் துறையின் அன்றாடக் கருவிகளாக்கின.

ஆனால் பெரியம்மையை உலகிலிருந்து நீக்கியது இந்தச் சராசரிக் கணக்கு மட்டும் அன்று. நூற்றுக்கு 80 பேருக்குத் தடுப்பூசி என்பதே தொடக்க இலக்கு. மக்கள் நெருக்கமாக வாழும் இந்தியாவில் அது போதவில்லை. தடுப்பூசி பெறாதவர்கள் ஊரெங்கும் பரவலாக இல்லாமல், ஒரே தெருவிலும் ஒரே குடியிருப்பிலும் சேர்ந்திருந்தனர். நோய் அங்கே உயிர் பிடித்திருந்தது.

மதராஸ் மாநிலத்தில் ஏ. ராமச்சந்திர ராவ் தலைமையில் பெரியம்மை தாக்கிய 254 குடும்பங்கள் ஆராயப்பட்டன. 1968-இல் வெளியான அந்த ஆய்வு, நோய் எவரிடமிருந்து எவருக்குப் பரவுகிறது என்பதை வீடு வீடாகப் பார்த்தது. பெரியம்மை பெரும்பாலும் ஒரே வீட்டில் நெருங்கிப் பழகுவோருக்கே தொற்றுகிறது என்பது தெளிவாயிற்று. அப்படியானால் எல்லோரையும் தேடிப் போவதைவிட, நோயாளியை உடனே கண்டறிந்து அவரைச் சுற்றியுள்ளோருக்கு ஊசி போடுவது பயன் தரும். 1960-களின் இறுதியில் மதராஸ் மாநிலம் இம்முறையைக் கையாண்டு வெற்றி கண்டது. நைஜீரியாவிலும் இதே முறை பயன் தந்திருந்தது. 1970-களில் அது இந்தியா முழுவதும் பின்பற்றப்பட்டது. இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதம் பதிவானார். பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்தது என்ற அறிவிப்பு 1980 மே மாதம் வந்தது.

கோவிட் காலம்

2020 மார்ச்சில் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்ட அறிக்கை, எந்தக் கட்டுப்பாடும் இல்லையெனில் பிரிட்டனில் ஏறத்தாழ 5 இலட்சம் பேரும் அமெரிக்காவில் ஏறத்தாழ 22 இலட்சம் பேரும் இறக்கக்கூடும் என்றது. பல நாடுகளின் முடிவுகளில் அது தாக்கம் செலுத்தியது. பின்னர் இறப்புகள் அந்த அளவை எட்டாதபோது கணிப்பு பொய்த்தது என்று சிலர் கூறினர். அந்த எண்ணோடு 'கட்டுப்பாடு இல்லையெனில்' என்னும் நிபந்தனையும் இருந்ததை அவர்கள் கருதவில்லை.

இந்தியாவில் நிபந்தனை மறக்கப்பட்டதன் விளைவு வேறு விதமாக இருந்தது. அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைத்த வல்லுநர் குழு 2020 அக்டோபரில், நோய் உச்சத்தைக் கடந்துவிட்டது என்றும், தடுப்பு நடைமுறைகள் தொடர்ந்தால் 2021 பிப்ரவரி அளவில் பெரும்பாலும் அடங்கிவிடும் என்றும் தெரிவித்தது. அதன்பின் நடைமுறைகள் தளர்ந்தன. வேகமாகப் பரவும் டெல்டா வகைக் கிருமியும் பெருகியது. 2021 மே மாதத் தொடக்கத்தில் நாள் ஒன்றுக்கு 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள் பதிவாயினர். படுக்கைகளும் உயிர்வளியும் கிடைக்காமல் பலர் உயிரிழந்தனர்.

மாதிரியை எவ்வாறு படிப்பது?

இவ்வரலாறு ஒரு மாதிரியிடம் கேட்க வேண்டிய கேள்விகளைக் காட்டித் தருகிறது. எதை அது மாறாதது என்று கொள்கிறது? மக்கள் அனைவரும் ஒரே அளவில் கலந்து பழகுவதாகக் கொள்கிறதா? புள்ளிவிவரத்தோடு அது பொருந்துவதற்கு வேறு காரணம் இருக்கக்கூடுமா? அது சொல்லும் எண், நடக்கப்போவதைக் குறிக்கிறதா, இன்ன நிபந்தனையில் நடக்கக்கூடியதைக் குறிக்கிறதா? மியான்மீரில் சோர்ந்துபோனவர்களுக்கு ரோஸின் வரம்பு நம்பிக்கை தந்தது. அதே வரம்பை எட்டிவிட்டோம் என்று எண்ணி ஓய்ந்தபோது மலேரியா திரும்பி வந்தது.

மெக்கென்ட்ரிக்கின் காலராக் கணக்கு இன்றும் நல்ல பாடமாக உள்ளது. 93 வீடுகள் என்ற விடை கிடைத்ததும் அதுவே முடிவு என்று கொள்ளப்படவில்லை. ஊருக்குள் விசாரணை நடந்தது, கிணறு கண்டறியப்பட்டது. எங்கே பார்க்க வேண்டும் என்பதைக் கணக்குக் காட்டியது. அது சரியா என்பது கிணற்றடியில்தான் தெரிந்தது.